கோரை எந்தப் பக்கம் மடங்கும்? நெல்லைச் சீமையின் மூலப்பொருள்களும் புதுப் பண்டங்களும்

பத்தமடைப் பாயை வெட்டித் தைத்த கைப்பை எந்த இடத்தில் முதலில் ஒடியும் என்பதை, அது கடையில் தொங்கும்போதே சொல்லிவிடலாம். பாயில் நெய்த கோரைப்புல் மேலிருந்து கீழாக ஓடினால் அடிமடிப்பில் ஒடியும். குறுக்காக ஓடினால் பக்கவாட்டு மடிப்பில் ஒடியும். எதுவானாலும் குற்றம் கோரையின் மேல் இல்லை. பாயைத் துணி என்று எண்ணி, துணிக்கென்று பிறந்த பையின் வடிவத்தை அதன் தலையில் கட்டியவரின் மேல்தான்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்கள் 1986 வரை ஒரே மாவட்டம். இந்தச் சீமையில் கோரை, பனையோலை, கடைசல் மரம், குளத்துக் களிமண் என்று மூலப்பொருளுக்குக் குறைவில்லை. ஆனால் புதுச் சாமான் செய்யக் கிளம்புகிறவர்களில் பலர் வடிவத்தை முதலில் கணினியில் வரைந்துவிட்டு, அதன் மேல் ஒட்ட ‘நம்ம ஊர்ப் பொருள்’ ஒன்றைத் தேடுகிறார்கள். போக வேண்டிய வழி இதற்கு எதிர்த்திசை. மூலப்பொருளுக்கு இரண்டு கணக்கு உண்டு. கை, கத்தி, தண்ணீர், வெயில் ஆகியவற்றுக்கு அது என்ன பதில் சொல்கிறது என்பது ஒன்று. அதைப் பார்த்தவுடன் வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன நினைவு வருகிறது என்பது இன்னொன்று. ஒரே வடிவமைப்பு முடிவு இரண்டு கணக்கையும் நேர் செய்யும்போதுதான் பண்டம் நிலைக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்வின் கரானாவும் உடன் ஆய்வாளர்களும் 2015-ல் வெளியிட்ட வடிவமைப்பு முறையும் மூலப்பொருளிலிருந்தே தொடங்கச் சொல்கிறது: புலன்கள் உணர்வது, மனம் அதற்குக் கொடுக்கும் பொருள், எழும் உணர்ச்சி, அதை வைத்துக் கை தானாகச் செய்யும் செயல் என நான்கு தளங்களில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நான்காவதைத்தான் நம் ஊரில் யாரும் கவனிப்பதில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

கோரை: சுருளும், மடங்காது

தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, தண்டை நெடுக்கில் கிழித்து, உள்ளிருக்கும் சோற்றியை நீக்கிக் காயவைக்கிறார்கள். பட்டுப்பாய் என்னும் மிக மெல்லிய பாய்க்கு இது போதாது. காய்ந்த கட்டுகளை ஓடும் தண்ணீரில் சில நாள்கள், சமயத்தில் ஒரு வாரம் வரை, ஊறப் போடுவார்கள். தண்டு உப்பி, நார் இளகி, மறுபடி காய்ந்த பிறகு இன்னும் மெல்லிய இழைகளாகக் கிழிக்க வரும். தேங்கிய தண்ணீரில் போட்டால் அழுகல் வாடை ஏறும், நிறம் மங்கும். நெசவில் பருத்தி நூல் பாவாகவும் (நெடுக்கு இழை) கோரை ஊடையாகவும் (குறுக்கு இழை) அமைகின்றன. பாவில் நூல் நெருங்க நெருங்கப் பாய் மெல்லிசாகும். பட்டுப்பாயில் இந்த நெருக்கத்துக்கு 100 முதல் 140 வரை எண் சொல்லுவார்கள். அதில் பட்டு நூல் இருக்க வேண்டும் என்பதில்லை. தொட்டால் பட்டுப்போல் இருப்பதால் வந்த பெயர். பத்தமடைப் பாய் 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது.

வடிவமைக்கிறவருக்கு வேண்டிய எல்லாமே இந்த அமைப்பில் இருக்கிறது. ஊடையாகப் போகும் கோரை விறைப்பானது, பாவு நூல் வளையக்கூடியது. ஆகவே கோரையை அச்சாக வைத்துப் பாயைச் சுருட்டலாம், எத்தனை ஆண்டு சுருட்டினாலும் ஒன்றும் ஆகாது. கோரைக்குக் குறுக்கே மடித்தால் ஒவ்வொரு தண்டும் தனித்தனியாக முறியும். இன்னொன்று, கோரையின் நீளம்தான் பாயின் அகலம். மூன்று அடி, நீளக் கோரை கிடைத்தால் நான்கு அடி, அதற்கு மேல் போவது அரிது. நெடுக்கில் எவ்வளவு வேண்டுமானாலும் நெய்யலாம்.

சுருள்வதுதான் இதன் இயல்பு என்றால், செய்ய வேண்டிய பண்டமும் சுருள்வதாக இருக்கட்டும். சன்னல் திரை நல்ல உதாரணம். மூன்று அடி அகலம், நான்கு அடி உயரமுள்ள சன்னலுக்குக் கோரை கிடைமட்டமாக ஓடும்படி வைக்க வேண்டும். இரு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதல் விட்டால் 3 அடி 4 அங்குலம் ஆகிறது, அதற்கு நீளக் கோரை வேண்டும். உயரத்தில் மேல்பட்டிக்கு 3 அங்குலமும், கீழே கம்பைச் சுற்ற 4 அங்குலமும் சேர்க்க வேண்டும். அடியில் 20 மி.மீ. விட்டமுள்ள கடைந்த மரக்கம்பு போதும். பாய் ஒன்றரை மி.மீ. தடிமன் என்றால், முழுக்கச் சுருட்டியபின் உருளை ஆறு செ.மீ. அளவுக்கு வரும். கட்டும் பட்டையின் நீளத்தை அதை வைத்துக் கணக்கிடலாம். பட்டைகள் ஓரத்திலிருந்து அரை அடி உள்ளே தள்ளி இருந்தால்தான் திரை நடுவில் தொய்யாது. ஐந்தடிச் சன்னல் வந்தால் இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட வேண்டியதுதான். இரண்டு பாயை ஒட்டித் தைத்து ஒரே அகலமாக்கினால், தைத்த கோடு தடித்துச் சுருள் ஒரு பக்கமாக இழுக்கும்.

தென்காசிப் பக்கம் மேற்கு பார்த்த சன்னலுக்கு இந்தத் திரை போடுகிறவர்கள் சாரலை மறக்கக் கூடாது. ஆனி, ஆடியில் தூறல் காற்றோடு உள்ளே வரும். கம்பிக்கும் திரைக்கும் நடுவே குறைந்தது மூன்று அங்குலம் காற்றோட்டம் வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம். பூஞ்சணத்துக்குப் பயந்து வார்னிஷ் அடிப்பது இன்னும் மோசம். வார்னிஷ் விறைத்து, சுருட்டும்போது விரிசல் விடும், அந்த விரிசலில் நீர் தங்கும். சாயமும் கவனம். பாய் முழுக்க அடர்சாயம் கொடுத்தால் மேற்கு வெயிலில் திட்டுத்திட்டாக வெளுக்கும். நடுப்பரப்பைக் கோரையின் நிறத்திலேயே விட்டு, சிவப்பும் பச்சையும் கரையில் மட்டும் வைத்தால் வெளுப்பு கண்ணில் படாது. பழைய பாய்களில் கரை வைத்த இடமும் அதுவே.

பைதான் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு வழியே இல்லாமல் இல்லை. கோரை கிடைமட்டமாக இருக்கட்டும். அடிமடிப்பு கோரைக்கு இணையாக வருவதால் ஒடியாது. பக்கவாட்டை மடிக்காமல், 8 செ.மீ. அகலக் கனத்த பருத்தித் துணியைத் தனியாகத் தைக்க வேண்டும். கைப்பிடியைப் பாயின் மேலோரத்தில் மட்டும் தைப்பது அடுத்த தவறு. எடை ஏறியதும் மேலே உள்ள நாலைந்து கோரைகள் பாவை விட்டு உருவிக்கொண்டு வந்துவிடும். கைப்பிடிப் பட்டை பையின் அடியைச் சுற்றி ஒரே துண்டாக ஓடினால் சுமை பட்டையில் நிற்கும், பாய் சும்மா உடன் வரும்.

வெட்டுவதற்கும் முறை உண்டு. பாவு அறுந்த இடத்தில் கோரை நழுவும் என்பதால், வெட்டும் கோட்டுக்கு உள்ளே 5 மி.மீ., 10 மி.மீ. தள்ளி இரண்டு வரி தைத்துவிட்டுத்தான் கத்தரி வைக்க வேண்டும். தையல் இயந்திர ஊசி எண் 16 அல்லது 18, தையல் நீளம் 3 முதல் 4 மி.மீ. நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைப்பது துணியில் சரி. கோரையில் அது தபால்தலை ஓரம் மாதிரி துளைவரிசையாகி, அந்தக் கோட்டிலேயே கிழிந்து வரும். அட்டையில் ஒட்டும்போது வெள்ளைப் பசையைத் தடிமனாகப் பூசினால் கோரை ஈரம் குடித்து உப்பி அட்டை வளையும். மெல்லிசாகப் பூசி, ஓர் இரவு முழுக்கச் சமமான பாரம் வைக்க வேண்டும். உள்துணி பருத்தியாகவே இருக்கட்டும். ரெக்சின் போட்டால் ஈரம் வெளியேற வழியில்லை, மழைக்காலத்தில் உள்ளே கறுப்புப் புள்ளி விழும்.

பாய் எதை நினைவூட்டுகிறது

இனி இரண்டாவது கணக்கு. பாய் என்றால் இந்தச் சீமையில் தூக்கம், குழந்தையைக் கிடத்துவது, வந்தவரை உட்காரச் சொல்வது, கல்யாணச் சீர். மணமக்கள் பெயரும் தேதியும் நெய்த பத்தமடைப் பாய் பீரோவின் மேல் உறைக்குள்ளேயே கிடக்கும், விரித்துப் படுக்கமாட்டார்கள். அதே பாய் துக்க வீட்டிலும் வருகிறது. உடலைக் கிடத்திய பாய் திரும்ப வீட்டுக்குள் போவதில்லை.

இதனால் வரும் சிக்கலைச் சாப்பாட்டு மேசை விரிப்பில் பார்க்கலாம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் நன்றாக விற்கும் பண்டம் அது. இங்கே பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அதன் மேல் தட்டை வைக்கக் கை தயங்கும், ஏனென்றால் பாய் படுக்கிற இடம், கால் படுகிற இடம். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் பண்டம் அலமாரியில் தங்கும். தீர்வும் அதே நினைவுகளுக்குள்தான் இருக்கிறது. உட்காரவும் குழந்தையைக் கிடத்தவும் போடும் சிறு தடுக்கு தனி இனம், அதற்குப் படுக்கைப் பாயின் கரை கிடையாது. விரிப்பில் பாயின் நீள்கரையைத் தவிர்த்து, நாலு பக்கமும் துணி விளிம்பு கட்டி, 30 செ.மீ. அகலத்துக்குள் நிறுத்தினால், பார்ப்பவருக்குப் பாயை வெட்டிய துண்டு என்று படாது. பையிலோ நேர்மாறு. அங்கே கரை வேண்டும், வாய்ப்பக்கத்தில் முழுதாக வர வேண்டும். நடுவயிற்றில் கரை விழுந்தால் பழைய பாயின் மிச்சத்தில் தைத்தது போலத் தெரியும். பட்டுப்பாயை எதற்காகவும் வெட்டக் கூடாது என்பது தனிக் கருத்து: வாரக்கணக்கில் நெய்ததைப் பைக்கு உள்ளட்டையாக்குவதில் அழகும் இல்லை, கணக்கும் இல்லை. நடுத்தரப் பாயே பைக்குச் சரியான பருமன்.

வரைவதற்கு முன்

எந்த மூலப்பொருளானாலும் 15 செ.மீ. சதுரத்தில் பன்னிரண்டு துண்டுகள் வாங்கிக்கொண்டு தொடங்கினால் பாதிப் பிழை வராது. இரண்டை இரு திசைகளிலும் ஐம்பது முறை மடித்துப் பார்க்க வேண்டும். இரண்டை எடைபோட்டு, ஒரு மணி நேரம் தண்ணீரில் வைத்து மறுபடி எடைபோட்டு, காய எவ்வளவு நேரமாகிறது என்று குறிக்க வேண்டும். இரண்டை லேசாக நனைத்து, பிளாஸ்டிக் உறையில் கட்டி ஏழு நாள் இருட்டில் வைத்தால் பூஞ்சணம் வருமா என்பது தெரிந்துவிடும். இரண்டில் பாதியை அட்டையால் மறைத்துப் பதினைந்து நாள் வெயிலில் போட்டால் வெளுப்பு தெரியும். சாயம் ஏறிய இரண்டை ஈர வெள்ளைத் துணியால் தேய்க்க வேண்டும். கடைசி இரண்டு தையலுக்கும் காப்பிக் கறைக்கும்.

நினைவுகளைச் சோதிக்கக் கேள்வித்தாள் உதவாது. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் நெல்லைச் சீமையில் எல்லாமே ‘நல்லாத்தான் இருக்கு’. அதற்குப் பதில், மாதிரியை ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுத்து, இதில் எதைப் போட்டு வைப்பீர்கள், வீட்டில் எங்கே வைப்பீர்கள், எங்கே வைக்கவே மாட்டீர்கள் என்று கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் விலைமதிப்பில்லாதது. கூடவே கையைக் கவனிக்க வேண்டும்: மோந்து பார்க்கிறார்களா, தரையில் வைக்கிறார்களா, சுருட்டுகிறார்களா, தட்டிப் பார்க்கிறார்களா. கரானா சொல்லும் நான்காவது தளம் இதுதான். வெவ்வேறு வயதில் எட்டுப் பேர் போதும், ஆனால் அதில் இரண்டு பேராவது சமையல்கட்டில் பாதி நாளைக் கழிப்பவர்களாக இருக்க வேண்டும்.

ஓலை: சதுர அடி, வட்ட வாய்

பனையில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை. வெளுத்த குருத்தோலை நுண்ணிய பின்னலுக்கு, முற்றிய சாரோலை கடகத்துக்கும் பெட்டிக்கும், மட்டையில் உரித்த நார் கட்டிலுக்கும் சுளகின் விளிம்புக்கும், அடிமட்டைத் தும்பு தூரிகைக்கு. மணப்பாடு பக்கம் பெண்கள் பின்னும் பெட்டிகளைப் பார்த்தால் ஓலை எப்படி யோசிக்கிறது என்பது விளங்கும். அடியைச் சதுரமாகத் தொடங்கிச் சுவரை எழுப்பினால், மூலைகள் தாமாகவே மழுங்கி வாய் வட்டமாக முடிகிறது. கூர்மூலையோடு மேல்வரை நிற்கும் பெட்டியை ஓலையில் கேட்பவர், உள்ளே அட்டை வைக்கச் சொல்கிறார் என்று பொருள்.

இந்த வடிவத்துக்குப் பொருத்தமான சரக்கு பக்கத்திலேயே இருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டி சிரட்டையில் வார்ப்பதால் அரைக்கோளமாக இருக்கும். வாய் அகலம் ஒன்பது, பத்து செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 6 மி.மீ. இழைகள் 18 வைத்து அடி பின்னினால் 10.8 செ.மீ. சதுரம் கிடைக்கும். இரண்டு கருப்பட்டியை வாயோடு வாய் வைத்து உள்ளே இறக்கலாம். மூடிக்கு 19 இழை போதும். 20 வைத்தால் ஆடும், 18 வைத்தால் இறங்காது. அதைவிட முக்கியம், பெட்டியையும் மூடியையும் ஒரே ஈரப்பதத்தில் பின்னுவது. ஓலை காயும்போது அகலத்தில் சுருங்கும். காலையில் நனைத்த ஓலையில் பெட்டியும், மாலையில் பாதி காய்ந்த ஓலையில் மூடியும் பின்னினால் மறுநாள் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஓலையைக் கால் மணி நேரம் நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, வேண்டியபோது உருவிப் பின்ன வேண்டும். சுவர் முடிந்ததும் ஒருநாள் நிழலில் காயவைத்து, தளர்ந்த இழைகளை இறுக்கிய பிறகே வாய்விளிம்பைக் கட்ட வேண்டும்.

கருப்பட்டியைப் பிளாஸ்டிக் பையில் சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பிசுபிசுக்கும். ஓலைப் பெட்டி சுவாசிக்கும். இங்கே குணமும் நினைவும் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன, ஏனென்றால் ஓலைக் கொட்டானில் தின்பண்டம் வாங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குருத்தோலை மட்டும் சற்று நுட்பமான சரக்கு. கோயில் கொடைக்கும் (ஊர்க்கோயில் திருவிழா) குருத்தோலை ஞாயிறுக்கும் அதுவே, துக்க வீட்டுக்கும் அதுவே. தோரணத்தில் மடிக்கும் ஓலைக்குருவிகளின் எண்ணிக்கையும் திசையும் மங்கலத்துக்கு ஒன்று, துக்கத்துக்கு வேறு. அன்பளிப்புப் பெட்டிக்கு அழகாக இருக்கும் என்று ஓலைக்குருவியை ஒட்டுவதற்கு முன் உள்ளூரில் தோரணம் கட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அரக்கும் களிமண்ணும்

அம்பாசமுத்திரம் மரச்சொப்புகள் குற்றாலம் சீசன் கடைகளில் பலரும் பார்த்தவை. கடைசல் மரம் சுழலும்போது அரக்குக் கட்டியை அழுத்தினால் உரசல் சூட்டில் இளகி மரத்தில் ஏறும், தாழை மடலால் தேய்த்தால் மெருகு வரும். இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. சுழல்வதால் உருண்ட வடிவமே இயல்பு: அலமாரிக் குமிழ், துணிமாட்டி, திரைக்கம்பின் நுனி. அரக்கு 70, 80 டிகிரி வெப்பத்தில் இளகும் என்பதால் சூடான காப்பிக்கோ சூடான பாத்திரம் வைக்கும் வளையத்துக்கோ ஆகாது. கைகழுவும் சாராயத் திரவத்தில் (சானிட்டைசர்) துடைத்தாலும் பிசுபிசுத்துப் போகும், அரக்கு சாராயத்தில் கரையும். மருத்துவமனை வரவேற்பறைக்கு இந்தக் குமிழ்களை மாட்டத் திட்டமிடுவோர் இதை முன்கூட்டியே யோசிக்கட்டும். மூடி போட்ட சொப்பை ஈரமரத்தில் கடைந்தால் காய்ந்து நீள்வட்டமாகி மூடி சிக்கிக்கொள்ளும். ஆகவே முதலில் தடிப்பாகக் கடைந்து, மூன்று நான்கு வாரம் நிழலில் விட்டு, பிறகு அளவுக்குக் கடைய வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் சாயத்தில் ஈயம் இல்லை என்பதைச் சோதித்தே ஆக வேண்டும், சொப்பு முதலில் போவது குழந்தையின் வாய்க்கு.

காருகுறிச்சி மண்பானை குளிர்விப்பது நுண்துளைகளால். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கசியக் கூடாது என்று மண் தண்ணீர்ப் புட்டிக்கு உள்ளே பூச்சு கொடுத்தால் ஆவியாதல் நின்று, அது வெறும் கனமான புட்டியாகிவிடும். கை நுழையாத கழுத்து வைத்தால் உள்ளே வழுவழுப்புப் படியும், தேய்க்க முடியாது. கசிவை ஏற்றுக்கொண்டு, அடியில் தட்டு கொடுப்பதே நேர்மையான வடிவம்.

மண்பானையில் துளையிட்டு உள்ளே விளக்கை வைத்துத் தொங்கவிடுவது விடுதிகளில் இப்போது அதிகம். துளையிட்ட பானை, பக்கத்தில் நெருப்பு: சுடுகாட்டுக் கொள்ளிக்குடத்தின் அதே சேர்க்கை. கண்டுபிடித்து யாரும் சொல்லமாட்டார்கள், வீட்டுக்கு வாங்கவும் மாட்டார்கள். உருண்டைப் பானை வடிவத்தை விட்டு உருளையாகவோ தட்டையாகவோ வனைந்து, மண் பாதி காய்ந்திருக்கும்போதே நெருக்கமாகப் பூவேலைத் துளைகள் வெட்டிச் சுட்டால் அந்த நினைவு விலகிவிடும். சுட்ட பின் துளையிட்டால் விரிசலும் ஓடும்.

ஆர்டர் கொடுக்கும்போது வரைபடத்தில் கோரையின் திசைக்கு ஓர் அம்புக்குறி, ஓலை இழைக்கு எண்ணிக்கை, கரை வர வேண்டிய இடம், காய்ந்த பின் அளவு என இவ்வளவும் எழுதியிருக்க வேண்டும். ‘காய்ந்த பின்’ என்ற சொல் இல்லாத அளவைப் பின்னுகிறவர் ஈர அளவாக எடுத்துக்கொள்வார், அதில் அவர் தவறு எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் சரக்கு கேட்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கோரையும் ஓலையும் மண்ணும் காயாது. அவசரத்துக்கு அடுப்படியில் உலர்த்தி அனுப்பியது சென்னைக்குப் போய்ச் சேரும்போது வளைந்திருக்கும். தை மாத விற்பனைக்கு வேண்டுமென்றால் புரட்டாசி முதல் வாரத்துக்குள் மூலப்பொருள் காய்ந்து கூரைக்குள் வந்திருக்க வேண்டும்.